பறவைத் தீவுக்குப் போன இஷ்பெல்

எந்த நாட்டிலிருந்து வந்தவரானாலும் சரி, போர்ட்லென்னன் கோல்ஃப் மைதானத்தில் முதல் பந்தை அடிக்க வேண்டுமானால் இஷ்பெல் கெட்டிஸ் தலையசைக்க வேண்டும். முதல் குழிக்குப் பக்கத்தில் பச்சை பெயின்ட் அடித்த மரக்கூண்டு ஒன்று இருக்கிறது. கடற்காற்றில் அதன் கதவு வருஷத்தில் பாதி நாள் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதற்குள் உட்கார்ந்து, யார் யாருக்குப் பின்னால் போக வேண்டும், யாருடைய மட்டைப் பையை யார் சுமக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவதுதான் இத்தனை வருஷமாக அவள் வேலை.

வருகிறவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருக்கத்தான் வருகிறார்கள். அதுதான் அவளுக்கு எரிச்சல். காலையில் கோல்ஃப், மதியம் படகில் பறவைத் தீவு, சாயங்காலம் துறைமுகத்து ஓட்டலில் வறுத்த மீன். மறுநாள் கூண்டு ஜன்னலில் சாய்ந்து நின்று, பஃபின் பறவைகளைப் பார்த்த கதையை அவளிடமே சொல்வார்கள். கோமாளி மாதிரி முகமாம், சிவந்த அலகாம், வாத்து நடையாம், மனுஷர்களைக் கண்டு பயமே இல்லையாம். உங்களுக்கென்ன, தினம் பார்ப்பீர்கள் என்று முடிப்பார்கள். இல்லை, ஒரு தடவைகூடப் போனதில்லை என்று அவள் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆனால் அதுதான் உண்மை. கல்யாணமாகி வந்த வருஷம், அதே மைதானத்தில் பை சுமக்கும் அவள் புருஷன் ஹெக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் கறுப்பாகத் தெரியும் அந்தப் பாறையைக் காட்டி, கோடையில் உன்னை அங்கே கூட்டிப் போகிறேன் என்றான். அந்தக் கோடையில் ஏதோ பெரிய போட்டி வந்தது. அடுத்த கோடையில் அவன் முதலாளி மைதானத்தின் புல்லை மாற்றிப் போட்டார். அதற்கப்புறம் ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் மாமனாரின் இடுப்பு வலி, ஒரு வருஷம் ஜப்பானிலிருந்து வந்த யாரோ ஒரு வங்கிக்காரர் ஹெக்டர்தான் பை தூக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஹெக்டர் ஒவ்வொரு தடவையும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவான். அடுத்த வருஷம், இஷ்பெல், கட்டாயம் என்பான். பிள்ளைகள் வளர்ந்து அபர்டீனுக்கும் கிளாஸ்கோவுக்கும் போய்விட்டார்கள். அந்தப் பாறை மட்டும் அங்கேயே நின்றது.

பாவம், அவள் கேட்டது என்ன பெரிய விஷயம்? வெளியூர்க்காரி மாதிரி ஒரே ஒரு மத்தியானம். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, காற்றில் முடி பறக்க, எதையாவது சுட்டிக்காட்டி அங்கே பார் என்று சொல்வதற்கு ஒரு மத்தியானம். அவ்வளவுதான்.

இந்த வருஷம் இஷ்பெல் வாக்குறுதியை நம்பவில்லை. தானே போய் இரண்டு பேருக்கும் படகில் இடம் பிடித்தாள். பறவைகள் ஆகஸ்டு பிறந்ததும் நடுக்கடலுக்குப் போய்விடும். அதனால் அவள் இடம் பிடித்த மதியப் படகுதான் அந்தப் பருவத்தில் கடைசி. மதியத்துக்குக் கூண்டில் உட்காரப் பக்கத்து வீட்டு நெட்டாவை ஏற்பாடு செய்தாள். ஹெக்டரிடம் அன்றைக்கு எவன் பையையும் தொடக் கூடாது என்று சொல்லிவைத்தாள். அவனும் சொன்னபடி காலையிலேயே நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, முகம் மழித்து, கூண்டுக்குப் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்த பிள்ளை மாதிரி இருந்தான். அதைப் பார்த்து அவள் மனசு கொஞ்சம் இளகியது.

அப்போதுதான் அமெரிக்கர்கள் நாலு பேர் வந்தார்கள். நாலு பைகள். ஆனால் அவற்றைச் சுமக்க முன்கூட்டியே சொல்லிவைத்த நாலு ஆட்களில் லாக்லன் வரவில்லை. பல்வலியில் தாடை பூசணி மாதிரி வீங்கிப் படுத்திருந்தான். அமெரிக்கர்களில் நாலாமவரான ஹால்வர்சன் என்கிற வயசான மனிதர், தன் பையைத் தானே இழுத்துக்கொண்டு பரிதாபமாக நின்றார்.

இன்றைக்கு ஆள் இல்லை சார், மன்னிக்கணும் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் எத்தனை வருஷத்துப் பழக்கம்! கூண்டிலிருந்து பை ஆளில்லாமல் போனதாகச் சரித்திரமே கிடையாது. அவள் வாயிலிருந்து தன்னால் வந்த வார்த்தை வேறு.

"ஹெக்டர், நீ போறியா?"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் அவன் எழுந்து பையைத் தோளில் போட்டுவிட்டான். காலை ஆட்டம்தானே, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். யாரைத் திட்டுவது? இத்தனை வருஷமும் கோல்ஃபைத் திட்டினாள், ஹெக்டரைத் திட்டினாள், ஜப்பான் வங்கிக்காரரைத் திட்டினாள். இன்றைக்குத் தன் வாயையே அல்லவா திட்ட வேண்டியிருக்கிறது!

ஹால்வர்சன் மற்றவர்கள் மாதிரி ஆடுகிறவர் இல்லை. ஒவ்வொரு பந்தையும் அடிப்பதற்கு முன் அதனிடம் ஆசி கேட்பது போல நெடுநேரம் குனிந்து நிற்பார். அடித்த பிறகு அது முட்புதருக்குள் போய்விடும். அதைத் தேடுவார்கள். தேடும்போது கடலைப் படம் எடுப்பார்.

பதினாலாம் குழி மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைவாக இருக்கிறது. முன்னால் போகிற கூட்டம் அங்கே ஆடி முடித்து நகர்ந்ததும், கம்பத்தில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் பின்னால் நிற்பவர்கள் பந்தை அடிப்பார்கள். காற்று சரியாக இருந்தால் அந்தச் சத்தம் கூண்டுவரை வரும். ஹெக்டர் அடித்தால் அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு அடிப்பான். இஷ்பெல் அன்று காலை முழுக்க அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வரவில்லை. நெட்டா வந்து, கோட்டைக் கழற்றி, தேநீரும் போட்டுக் குடித்தாள். அப்போதும் வரவில்லை.

"அந்த மணிக்கு நாக்கு அறுந்து போச்சோ என்னவோ" என்றாள் நெட்டா.

இஷ்பெல் எழுந்தாள். ஆட்டம் நடக்கும்போது கூண்டுக்காரி மைதானத்துக்குள் போகக் கூடாது என்பது விதி. அவள் போனாள். செருப்பில் மணல் ஏற, மேடும் பள்ளமுமாக, நேர்க்கோட்டில் நடந்தாள். இரண்டு கூட்டம் மட்டையைத் தூக்கியபடியே அவளைப் பார்த்து நின்றது.

பன்னிரண்டாம் குழியில் அவர்களைப் பிடித்தாள். மற்ற மூவரும் புல்லில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். ஹால்வர்சன் மணற்குழிக்குள் நின்று மணலை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். ஹெக்டர் பையோடு மேலே நின்றான். அவளைப் பார்த்ததும் அவன் கை தானாகத் தொப்பிக்குப் போயிற்று.

"பையைக் கீழே வை" என்றாள் இஷ்பெல்.

"இன்னும் கொஞ்சம்தான். பதினெட்டாம் குழி முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்."

"அதுக்குள்ள படகு தீவுக்கே போய்ச் சேர்ந்துடும்."

"தோள்ல ஏத்தின பையை நடுவழில இறக்கிட்டு எங்கப்பா வீட்டுக்கு வந்ததே இல்ல, இஷ்பெல். இந்த ஊர்ல ஒருத்தனும் வந்ததில்ல."

"உங்கம்மா தீவுக்குப் போயிருக்காங்களா? கேட்டுப் பாத்திருக்கியா எப்பவாவது?"

மணற்குழிக்குள்ளிருந்து ஹால்வர்சன் தலையை நீட்டினார். என்ன விஷயம் என்று புரிந்துவிட்டது போல. முகமெல்லாம் மணல்.

"நான் தூக்கிக்கறேன்ப்பா. உண்மையாத்தான் சொல்றேன். நீ கிளம்பு."

"நீங்க பந்தைப் பாருங்க சார்" என்றான் ஹெக்டர். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் பை தோளிலிருந்து இறங்கவில்லை. இறக்கச் சொல்லி அந்தப் பைக்குச் சொந்தக்காரரே கெஞ்சுகிறார். இவன் இறக்க மாட்டேன் என்கிறான். இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு எங்கே போய் முட்டிக்கொள்வது?

"சரி. அதையே கட்டிக்கிட்டு அழு. நான் போறேன்."

அவள் நிஜமாகவே போய்விடுவாள் என்று அவன் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. ஆனால் கால் துறைமுகத்துக்குத்தான் போயிற்று. படகுக்காரன் டூகல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா இஷ்பெல், ரெண்டு பேருன்னு சொன்னே?"

"ஒருத்திதான். கேள்வி கேக்காம படகை எடு."

பக்கத்து இடம் காலியாக இருந்தது. யாரோ ஒரு ஜெர்மன்காரப் பெண் அதில் தன் கேமராப் பையை வைத்துக்கொண்டாள். அலை தூக்கிப் போட்டது, உப்புத் தண்ணீர் முகத்தில் தெறித்தது. அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி. கொஞ்சம் அழுதாள்.

தீவில் இறங்கினால் ஒரு பறவைகூட இல்லை.

புல் இருந்தது. புல்லில் நூற்றுக்கணக்கான பொந்துகள் இருந்தன. பாறையெல்லாம் வெள்ளையடித்த மாதிரி எச்சம், மூக்கைப் பிடித்துக்கொள்ளும் நாற்றம். ஜெர்மன்காரப் பெண் டூகலை ஏதோ கடுமையாகக் கேட்டாள். அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். முந்தாநாள் இரவே மொத்தமும் கிளம்பிவிட்டதாம், இந்த வருஷம் கொஞ்சம் முன்னாலேயே.

"முந்தாநாளே தெரியுமா உனக்கு?" என்றாள் இஷ்பெல்.

"சொன்னா யாரு வருவா?"

அவள் போய் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். எதிரே அவள் ஊர். மைதானம் ஒரு பச்சைக் கோடு. அதில் எறும்பு மாதிரி மனுஷர்கள் ஊர்ந்தார்கள். அந்த எறும்புகளில் ஒன்று இன்னொருவன் பையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இத்தனை வருஷம் அங்கிருந்து இதைப் பார்த்து ஏங்கினாள். இன்றைக்கு இங்கே வந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்கா? இந்த நாற்றத்துக்கா? அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. ஜெர்மன்காரப் பெண் பயந்துபோய் ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

படகு திரும்பியபோது ஹெக்டர் துறைமுகப் படியில் நின்றுகொண்டிருந்தான். நீல ஸ்வெட்டரில் பைவார் அழுத்திய கோடு அப்படியே இருந்தது. கையை நீட்டினான். அவள் பிடிக்காமல் தானே ஏறி வந்தாள். இரண்டு பேரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

"பறவை எல்லாம் இருந்துச்சா?" என்று மெல்லக் கேட்டான்.

இஷ்பெல் நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை என்று சொன்னால் இவன் பெருமூச்சு விடுவான், நல்லவேளை நான் வரவில்லை என்று நிம்மதியாகத் தூங்குவான்.

"ஆயிரக்கணக்குல" என்றாள். "உக்கார இடமில்ல. ஒண்ணு என் காலுகிட்டயே வந்து நின்னு என்னையே பாத்துச்சு."

ஹெக்டரின் முகம் தொங்கிப் போயிற்று. இஷ்பெல்லுக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் அவன் அதோடு விடவில்லை. காலுகிட்டயா, பயப்படவே இல்லையா என்றான். அலகு நிஜமாகவே அவ்வளவு சிவப்பா என்றான். வாயில் மீன் வைத்திருந்ததா, எத்தனை, சத்தம் போடுமா, எப்படிப் போடும் என்று தேவாலயத்து மேடு ஏறுகிற வரை கேட்டுக்கொண்டே வந்தான். கூண்டு ஜன்னலில் வந்து நின்ற வெளியூர்க்காரர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பி, வாய் பிளந்து, ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டான். கல்யாணமான புதிதில்கூட அவன் அவளிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

இல்லாத பறவையைச் சொன்னால்தான் இந்த மனுஷன் திரும்பிப் பார்ப்பான் போலிருக்கிறது என்று நினைத்ததும் அவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. வீட்டு வாசலும் வந்துவிட்டது.

"நடக்கறப்ப எப்படி நடக்கும்?" என்றான் ஹெக்டர், கதவைத் திறக்காமல் நின்று.

இஷ்பெல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தெருவில் ஒருவரும் இல்லையென்று பார்த்துவிட்டு, நடந்து காட்டினாள்.