லீஸ்பெத்தின் ஐந்து மில்லி

எங்கள் உத்ரெக்ட் ஆய்வகத்தில் செல்கள் சாகக் கிடந்தால் லீஸ்பெத்திடம் கொடுத்துவிடுவோம். பிழைத்துக்கொள்ளும். இருபத்தாறு வருடமாக அவர் கைக்கு அப்படியொரு பேர். ஆனால் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அவர் பேர் வந்ததில்லை.

முதல் தடவையாக வரவிருந்தது. சினைமாட்டை அறுக்கும்போது வயிற்றிலிருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கிற சீரத்தை ஊற்றித்தான் பெரும்பாலும் செல் வளர்க்கிறார்கள். அது இல்லாமல், ஈஸ்ட்டும் செடிப் புரதமும் கலந்த திரவத்தில் மூன்று மாதம் தசைச் செல்களை வளர்த்துவிட்டிருந்தார் லீஸ்பெத். எங்கள் தலைவர் ரெய்னவுட், கட்டுரையில் அவர் பேரை இரண்டாவதாகப் போட்டார். நல்ல சேதி யாருக்கோ, கேக்கும் அவர்கள் செலவு என்பது எங்கள் ஊர் வழக்கம். லீஸ்பெத் ஆப்பிள் கேக் கொண்டுவந்தார்.

“எனக்கு இத்துனூண்டா? உன் செல்லுக்கு மட்டும் வயிறு நிறையப் போடுறே!” என்றார் ரெய்னவுட்.

“அதுங்க குறை சொல்லாதே.”

கேக் முடிந்து, செய்முறைப் பகுதி எழுத உட்கார்ந்தோம். லீஸ்பெத் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கண்ணை மூடி, காற்றில் குடுவையைச் சாய்த்தபடி சொன்னார்.

“அடியில ஒட்டியிருக்கிற செல்லைப் பிரிக்க நொதி ஊத்துறேன். மூணு நிமிஷம். விட்டா நொதி செல்லையே தின்னுடும். அதை அடக்க அஞ்சு மில்லி...”

“சோயா திரவம்,” என்று நானே அடித்தேன். நொதியை அடக்க, சீரத்துக்குப் பதிலாக வாங்கி வைத்திருந்தது அது.

அவர் கை இடப்பக்கம் நீண்டு நின்றது. கண்ணைத் திறந்து, கையையே பார்த்தார்.

“அதை அழி. நான் எடுக்கறது சோயா இல்ல. இந்தப் பக்கத்துப் புட்டி.”

இந்தப் பக்கத்துப் புட்டி, ஒப்பிட்டுப் பார்க்க வளர்க்கும் மற்ற செல்களுக்கானது. அதில் சீரம் இருந்தது. இருபத்தாறு வருடமாக நொதியை அதைக்கொண்டே அடக்கிப் பழகிய கை.

ரெய்னவுட் கேக் தட்டைக் கீழே வைத்தார். “அப்புறம் சுழற்றி வடிச்சுடறோமே. என்ன மிஞ்சப்போகுது? அடுத்த வாரம் கட்டுரை போகணும், லீஸ்பெத்.”

“ஒண்ணும் மிஞ்சலேன்னா, சீரமே தொடாம செஞ்சாலும் செல்லு சாகாது. அஞ்சு நாள் குடு.”

அந்தப் புட்டியை வேறு அறைக்கு எடுத்துப் போகச் சொன்னார். ஆறு குடுவைகளில் புதிதாகச் செல்களைப் போட்டார், இம்முறை சோயாவில் அடக்கி. மூன்றாம் நாள் காலையில் செல்கள் உருண்டு சுருங்கின. ஐந்தாம் நாள் பிடி விட்டு மிதந்தன.

நுண்ணோக்கியிலிருந்து ரெய்னவுட் நெடுநேரம் முகத்தை எடுக்கவில்லை.

“குடுவை சரியில்லையோ?”

“ஆறுமா?”

“அப்போ முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

“ஆரம்பி. ஆனா வேற யாராவது செய்யட்டும்,” என்றார் லீஸ்பெத். “என் கை என்னைக் கேட்டுட்டுச் செய்யறதில்ல.”

கையுறையைக் கழற்றாமல் நின்றார். அதெல்லாம் வேண்டாம், நீயே செய் என்று ஒரு சொல் வருமென்று காத்திருந்தார் போல. ரெய்னவுட் அறையைச் சுற்றிப் பார்த்தார். யாரிடம் கொடுக்கலாம் என்று பார்க்கிறார் என எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.