நெமிலிச்சேரியில் கிடைத்த கன்ட்ரோலர்

காசிக்கும் காஷ்மீருக்கும் போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போனது அம்பத்தூரிலிருந்து முகப்பேர், அங்கிருந்து பூந்தமல்லி, கடைசியில் நெமிலிச்சேரி. போக வர ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். சென்னைக்காரர்கள் இதைப் பயணம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ‘ட்ராஃபிக்’ என்பார்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறினோம். நானும் என் கணவர் ஏழுமலையும். எனக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை, சனி விடுமுறை. அவருக்குப் போன வருடத்திலிருந்து எல்லா நாளும் விடுமுறை. பதினெட்டு வருடம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை அடித்து வடிவம் எடுக்கும் மெஷினில் நின்றவர். கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. அதன் பிறகு சேகர் என்ற நண்பரோடு சேர்ந்து பிறந்த நாள், வளைகாப்பு, வரவேற்பு என்று டிஜே போட ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வயதில் டிஜேவா என்று என் அண்ணன் சிரித்தான். நானும் கொஞ்சம் சிரித்தேன். ஆனால் ஆட்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள்.

இப்போது சேகருக்கு ஓசூரில் வேலை கிடைத்து, தன் கன்ட்ரோலரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு பூந்தமல்லியில் ஒரு கல்யாண வரவேற்பு. முதல்முறையாக என் கணவர் பெயரிலேயே, அவர் தனியாக ஒப்புக்கொண்டது. “இது மட்டும் சொதப்பிச்சின்னா, ஒரகடத்துல ஒரு பிரஸ் ஷாப்ல கூப்புட்டுகினே கீறாங்க. போய் சேந்துடுவேன்” என்று சொல்லியிருந்தார். ஆகவே இன்றைக்குள் ஒரு கன்ட்ரோலர் வாங்கியாக வேண்டும். கையில் முப்பதாயிரம் இருந்தது.

கன்ட்ரோலர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: அது இரண்டு அடுப்பு வைத்த கேஸ் ஸ்டவ் மாதிரி இருக்கும். அடுப்பு இருக்கும் இடத்தில் கையால் சுற்றும் இரண்டு தட்டு. நடுவில் திருகுகளும் தள்ளும் பொத்தான்களும். லேப்டாப்பில் பாட்டு ஓடும், கன்ட்ரோலரில் அதைப் பிடித்து, ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை அதே தாளத்தில் கோர்த்துவிட வேண்டும். கூட்டம் ஆடுவது நிற்கக் கூடாது, அவ்வளவுதான் தொழில்.

ஆட்டோக்காரர் விவரம் கேட்டுவிட்டு இலவசமாக ஆலோசனை சொன்னார். “பொட்டி பெர்சா வாங்கு அண்ணாத்தே. சின்னதா வச்சிகினு நின்னா, இன்னாடா சமையக்காரன் மேடையில ஏறிட்டான்னு கேப்பானுங்க.” முகப்பேருக்கு நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

முகப்பேர் கடையில் ஏசி இருந்தது, டை கட்டிய விற்பனையாளர் இருந்தார், கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்தாறு கன்ட்ரோலர்கள் இருந்தன. இருபத்தேழாயிரத்து ஐந்நூறுக்கு ஒன்றை எடுத்து வைத்தார். புதுசு, ஒரு வருடம் வாரண்டி, தனியாகக் கரண்ட் வேண்டாம், லேப்டாப்பில் சொருகினால் போதும். மண்டபத்தில் கரண்ட் போனாலும் கன்ட்ரோலர் அணையாது. எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. இவரோ மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஹெட்போனை மாட்டினார், கழற்றினார். நடுவில் எதையோ தேடினார். கடைசியில், “தட்டு சின்னதா கீது. வேணாம்” என்றார்.

“தட்டு சின்னதா இருந்தா என்னங்க? அதுல சோறா போட்டுச் சாப்பிடப் போறீங்க?” என்று கேட்டேன். விற்பனையாளர் அறுபதாயிரத்துக்கு ஒன்றைக் காட்டினார். அதைத் தொட்டுப் பார்த்த விதத்தில் ஆசை தெரிந்தது. ஆனால் காசுக்கேத்த தோசை என்று சொல்லி வெளியே வந்துவிட்டார்.

பூந்தமல்லிக்கு இரண்டு பஸ் மாறி, வானகரத்தில் அரை மணி நேரம் நகராமல் நின்று, பன்னிரண்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், எல்லோரும் ‘பாய்’ என்று கூப்பிடும் ஒருவரின் சவுண்ட் சர்வீஸ். கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுபவர். ஆள் உயரப் பெட்டிகளுக்கு நடுவில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். இவர் வயதுதான் இருக்கும். அவரிடம் பழைய கன்ட்ரோலர் ஒன்று பதினாறாயிரத்துக்கு இருந்தது. ஓரத்தில் பெயிண்ட் போயிருந்தாலும் தட்டு பெரிதாக இருந்தது. சரி, இன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

பாய் பெரிய ஸ்பீக்கரில் ஒரு பாட்டை ஓடவிட்டு, அடுத்த பாட்டைக் கோர்க்கச் சொன்னார். இவர் ஹெட்போனை வலது காதில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். இரண்டு பாட்டும் சேராமல் ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடின. நெற்றியில் வேர்த்துவிட்டது.

பாய் அவருடைய இடது பக்கம் நின்றுகொண்டு, “அண்ணாத்தே, டீ சொல்லட்டா?” என்றார். இவர் திரும்பவில்லை. மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார்.

“செவிடன் காதுல ஊதின சங்குதான் பாய். வீட்லயும் இதே கதைதான்” என்று சொல்லிச் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. பாட்டை நிறுத்தினார். சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் நின்று, மெதுவான குரலில், “டீ?” என்றார்.

“சொல்லுங்க பாய்” என்றார் இவர் உடனே.

“எட காது எவ்ளோ நாளா கேக்கல மாமே?”

இவர் என்னைப் பார்த்தார். திருடிவிட்டு மாட்டிக்கொண்ட முகம். “அஞ்சாறு வருசம் ஆவுது” என்றார்.

அங்கே கிடந்த ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் ஒன்றும் பெரிதுபடுத்தாமல் டீயை வரவழைத்துக் கொடுத்தார். “எனக்கு வலது அவுட்டு. ஜெனரேட்டர் பக்கத்துலயே குந்திகினு போக்கிட்டேன்” என்றார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். டிஜே ஒரு காதில் ஹெட்போன் வைத்து அடுத்த பாட்டைக் கேட்பார், இன்னொரு காதால் மண்டபத்தில் ஓடும் பாட்டைக் கேட்பார். ஒற்றைக் காதுக்காரர் இரண்டையும் ஹெட்போனுக்குள்ளேயே கலந்து கேட்க வேண்டும். அதற்கென்று ஒரு திருகு சில கன்ட்ரோலரில்தான் இருக்கும். சேகருடையதில் இருந்ததாம், முகப்பேரில் இவர் தேடியதும் அதைத்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக ஏறி இறங்கும் விளக்கு வரிசையும் இருந்தால் கண்ணாலும் பார்த்துக்கொள்ளலாம்.

“இதுல அந்தத் திருகு இருந்துச்சி, செத்துப்போச்சி. இத உனக்கு நான் விக்க மாட்டேன் மாமே. நெமிலிச்சேரில ஒரு ஐடி புள்ள விக்கிதுன்னு சொன்னாங்க, நம்பர் தரேன். அதுல ரெண்டும் கீது.” பதினாறாயிரம் ரூபாய் வியாபாரத்தை ஒரு டீயோடு முடித்துக்கொண்டார் அந்த மனிதர். நன்றி சொன்னேனா என்றுகூட இப்போது நினைவில்லை.

ஒரு மணி ஐம்பதுக்கு ஆவடி பஸ். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்குக் காசு இல்லை, அவருக்குப் பத்து ரூபாய். வழக்கம்போல அவர் சீட்டின் இடது ஓரத்துக்கு, ஜன்னல் பக்கம் போனார். என்னை எப்போதும் வலது பக்கம் உட்கார வைப்பது தனக்கு ஜன்னல் காற்று வேண்டும் என்பதற்காக என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

“பிரஸ்ல காதுக்கு அடைப்பு குடுக்கலையாங்க?”

“குடுத்தாங்க. வலது காதுல போட்டுக்குவேன், எடதுல போட மாட்டேன். மெஷின் எடது பக்கம். தகட்ட அடிக்கிற அச்சு, அந்த டை, விரிசல் வுடப்போவுதுன்னா சத்தம் மொதல்லயே மாறும். அத நான் புடிச்சி சொல்லிடுவேன். ஷாப்ல எனக்கு அதான் பேரு.”

“வருசா வருசம் காது டெஸ்ட் வைப்பாங்களே?”

சிரித்தார். “வேன் வரும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள குந்த வச்சி, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குன்னுவாங்க. வெளிய அந்தப் பொண்ணு மெஷினைத் திருகும்போது முழங்கை அசையும். முழங்கை அசஞ்சா நான் அமுக்கிடுவேன். எல்லா வருசமும் பாஸு.”

“எதுக்குங்க?”

“கேக்கலன்னு எழுதிட்டா பிரஸ்ஸ வுட்டு பேக்கிங்ல போட்டுடுவான். நான் பேக்கிங்ல குந்தணுமா?”

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. சமையலறையிலிருந்து கத்திவிட்டு, பதில் வராமல், எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். சங்கு, செவிடன் என்று என் வாயால் எத்தனை தடவை. “என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா பாவம்னு பாப்ப. திட்டுறதே நல்லா இருந்துச்சி.”

பருத்திப்பட்டு தாண்டும்போதுதான் ஒரகடம் ஞாபகம் வந்தது. மறுபடி ஒரு பிரஸ் முன்னால் நின்றால் மிச்சம் இருக்கும் காதும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சொதப்பினால் அங்கேதான் போவார், போய் எல்லா டெஸ்டிலும் பாஸாவார். தட்டு சின்னது பெரியது என்று விளையாடிக்கொண்டிருந்த விஷயம் எனக்கு அந்த நிமிடத்தில் வேறாகிவிட்டது.

ஆவடி ஸ்டேஷன் வாசலில் தட்டு நாற்பது ரூபாய்க்கு எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். மின்சார ரயிலில் ஆளுக்கு ஐந்து ரூபாய். இந்து காலேஜ், பட்டாபிராம், அடுத்தது நெமிலிச்சேரி. மூன்றரை மணிக்கு இறங்கி, புதுசு புதுசாக முளைத்திருக்கும் ஃபிளாட்டுகளில் ஒன்றின் மூன்றாம் மாடிக்கு ஏறினோம்.

பாய் சொன்ன ஐடி பையன் கார்த்திதான் கதவைத் திறந்தார். முப்பது வயதிருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். ஆசையாக வாங்கி, குழந்தை பிறந்த பிறகு பெட்டியைத் திறக்கவே முடியவில்லையாம். “பாப்பா இப்பத்தானுங்க்கா தூங்குது. ஸ்பீக்கர் போட முடியாதுங்க. ஹெட்போன்ல பாத்துக்கலாங்களா?” என்று கிசுகிசுத்தார். விலை முப்பத்துநாலாயிரம் சொன்னார்.

ஹெட்போனை இவரிடம் நீட்டி, “ரெண்டு காதுலயும் மாட்டிக் கேளுங்கண்ணா, சும்மா கும்முனு இருக்கும்” என்றார்.

இவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். ஏதாவது சொல்லி மழுப்புவார் என்றுதான் நினைத்தேன். “தம்பி, எனக்கு எட காது கேக்காது. ரெண்டு பாட்டையும் ஒண்ணா கேக்கறதுக்கு இதுல ஒரு திருகு இருக்குமே, அது வேல செய்யுதா?” என்றார்.

கேட்கப்படாமல், தானாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார். கார்த்தி, “செய்யுதுங்கண்ணா. இந்தாங்க, இதுதான்” என்று காட்டினார்.

நான் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வரிசை. பச்சை ஏறி ஏறி இறங்கியது. முதலில் ஒன்று முந்தியது, இன்னொன்று பிந்தியது. இவர் வலது காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, அந்தத் திருகைப் பாதியில் நிறுத்தி, தட்டை ஒரு விரலால் லேசாகத் தள்ளினார். இரண்டு வரிசையும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. ஹெட்போனை எடுக்கவே இல்லை. நான் ஒரு சத்தமும் கேட்காமல் அவர் முகத்தைப் பார்த்தே பாட்டு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இதற்குக் கரண்ட் தனியாக வேண்டும், வாரண்டி முடிந்துவிட்டது, பையின் ஜிப் போயிருந்தது. காலையில் நானே இதை வேண்டாம் என்றிருப்பேன். கார்த்தி முப்பத்தோராயிரம் போதும் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. “காதுக்காகக் குறைக்கிறீங்களா தம்பி?” என்று கேட்டேன்.

“ஐயோ, இல்லீங்க்கா. ஜிப்புக்காக.”

மேலே ஆயிரம் ரூபாய் வீட்டுச் செலவிலிருந்து போட்டு, போனில் அனுப்பினேன். நாலு ஐம்பது ரயிலில் திரும்பினோம். கூட்டத்தில் எனக்கு அவருடைய இடது பக்கம்தான் இடம் கிடைத்தது. அம்பத்தூர் வரை நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சண்டை இல்லாமல் நாங்கள் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டுக் கன்ட்ரோலரை வைத்தார். வீட்டு ஸ்பீக்கரில் சொருகினார். முகப்பேர், பூந்தமல்லி, நெமிலிச்சேரி என்று சுற்றி வந்தபின் எங்கள் கூடம் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விட்டு, என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, சேந்துச்சா? உண்மைய சொல்லு.”

கேட்டதற்காக நல்லா இருக்கு என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. முழங்கையைப் பார்த்தே எல்லா டெஸ்டிலும் பாஸ் ஆனவர் இவர். “இல்லைங்க. ரெண்டாவது பாட்டு கொஞ்சம் லேட்டா வருது” என்றேன்.

தலையாட்டிவிட்டு மறுபடி வைத்தார். எட்டாவது தடவை சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவதற்கு முன் நிறுத்திவிட்டு, மண்டபத்துக்காரருக்குப் போன் போட்டார். கரண்ட் பாயின்ட் எங்கே, மேஜை எவ்வளவு நீளம் என்று விசாரித்தார். கடைசியாக, “மேஜைக்குப் பின்னாடி ரெண்டு சேர் போடுங்க சார். ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு என் வலது கைப்பக்கம். வூட்ல இருந்து கேக்கறதுக்கு ஒரு ஆள் வராங்க” என்றார்.