இருபத்திரண்டாவது ஆள்

பஸ் கிளம்புவதற்கு முன் யாகப்பன் படியில் ஒரு காலை வைத்து உள்ளே எட்டிப் பார்த்து பிரெஞ்சில் எண்ணுவார். "அன், தே, த்ருவா..." ஆள்காட்டி விரல் தலைக்குத் தலை தாவும். பாகூர் பஸ்ஸின் கண்டக்டர் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு, "இன்னா கப்ரால், கணக்கு சரியா? வண்டிய எடுக்கலாமா?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். யாகப்பன் சிரிக்கமாட்டார். "இரு பா, ஒருத்தி கூடையத் தூக்கிக்கினு ஓடியாறா" என்பார். எட்டிப் பார்த்தால், ஒருத்தி ஓடி வந்துகொண்டிருப்பாள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினாறு வருஷம் இருந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். யாகப்பன் கையில் பட்டை வாங்கி கப்ரால் பதவிக்கு உயர்ந்தவர். பூட்ஸை ஞாயிறுதோறும் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ரப்பர் செருப்போடு கோயிலுக்குப் போவார். சேறே இல்லாத வரப்பிலும் முழங்காலை உயரத் தூக்கி நடப்பார். எங்கே உட்கார்ந்தாலும் தண்ணீருக்கு முதுகு காட்டமாட்டார்.

நடவுக் காலத்தில் வயலில் குனிந்திருக்கும் பெண்களையும் எண்ணுவார். "நீ எண்ணிக்கினே இரு கப்ரால், நாத்து தானா நட்டுக்கும்" என்பாள் சின்னபொண்ணு. வீட்டில் மகள் இன்பமேரி தட்டை வைத்துவிட்டு, "நாலே பேர்தான் பா. நேத்தும் நாலு. சாப்புடு" என்பாள். அவர் எண்ணிவிட்டுத்தான் கை வைப்பார்.

ஜனவரி பிறந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவார். பென்ஷன் நிற்காமல் வர, இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று பிரான்சுக்கு ஆண்டுதோறும் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். நான் கான்வென்டில் பிரெஞ்சு படித்தவள். "உசுரோட கீறேன்னு எழுது மா. இந்த வருசமும் வேற வழியில்ல" என்பார். கையெழுத்துப் போட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுப்பார். படிவத்தோடு ஒரு கடிதமும் போக வேண்டும். அவர் வருவதே அதற்காகத்தான்.

சைகோன் யுத்தத்தில், விடியற்காலைப் பனியில், இருபத்திரண்டு பேர் ஒரு ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. எண்ணிச் சொல்லும் வேலை யாகப்பனுடையது. அவர் எண்ணினார், சரி என்றார், படகுகள் நகர்ந்தன. பாதி ஆற்றில் போகும்போது பின்னால் கரையில் வெடிச் சத்தம் கேட்டது. அக்கரையில் மறுபடி எண்ணியபோது ஒருவர் குறைந்தார். பனியில், துணி போர்த்தியிருந்த படகுக்காரனையும் சேர்த்து எண்ணிவிட்டிருந்தார். கரையிலேயே நின்றுவிட்டவன் கரிக்கலாம்பாக்கத்து மணவாளன். ஆனால் அவர் சரி என்றதுமே இருபத்திரண்டு பேரும் கடந்தார்கள் என்று எழுதியாகிவிட்டது. கடந்து வந்தவன் அக்கரையில் இல்லை என்றால் அவன் ஓடிப்போனவன். மணவாளனின் பெயருக்கு நேரே அப்படித்தான் எழுதினார்கள்.

அதைத் திருத்தச் சொல்லித்தான் கடிதம். முதல் முறை நான், 'கவனக்குறைவால் நேர்ந்த பிழை' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். கூடாது என்று தலையை ஆட்டினார்.

"பயந்துட்டேன்னு எழுது. பட்டைய புடுங்கிடுவாங்கன்னு வாய மூடிக்கினு இருந்தேன்னு எழுது."

அப்படியே எழுதினேன். கடிதம் கிடைத்தது, பழைய பதிவுகளைப் பார்த்துச் சொல்கிறோம் என்று நான்கு வரிப் பதில் வந்தது. அடுத்த வருஷமும் அதே நான்கு வரி. அவர் அவற்றைப் பூட்ஸ் பெட்டியில் அடுக்கி வைத்தார்.

மூன்றாம் வருஷம் நான் எழுதிக்கொண்டிருந்தபோது மணவாளனின் மனைவி தையலம்மாள் வந்து வாசலிலேயே நின்றாள். அறுபதை நெருங்கியவள். நெற்றியில் காசளவு குங்குமம். கடிதத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"எழுதாதண்ணே" என்றாள்.

"அவன் ஓடல தையலு. நான் வுட்டுட்டு வந்தேன். ஊரே ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு உன்ன சொல்லுது..."

"சொல்லட்டும். இருவத்தஞ்சு வருசமா சொல்றதுதான. ஓடிப்போனவரு என்னைக்காவது வருவாரு. செத்துட்டாருன்னு காயிதம் வந்தா யாருண்ணே வருவா?"

அவள் போன பிறகு வெகுநேரம் குண்டூசியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எழுதலைன்னா அவன் ஓடுனவன். எழுதுனா இவ தாலி அறுத்தவ" என்றார். பிறகு, "உசுரு காயிதம் மட்டும் போவட்டும் மா."

அடுத்த ஜனவரியிலும் அது மட்டுமே போனது. அந்த வருஷம் பஸ்ஸில் அவர் எண்ணுவதை நிறுத்தியிருந்தார். ஏறுவார், ஜன்னலோரம் உட்காருவார். "கணக்கு இல்லியா கப்ரால்?" என்றார் கண்டக்டர். "நீயே பாத்துக்க பா" என்று கண்ணை மூடிக்கொண்டார். வீட்டிலும் எண்ணவில்லை. இன்பமேரி தட்டை வைத்துவிட்டு, அவர் விரல் எழுமா என்று நின்று பார்ப்பாளாம்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து ஆறாம் நாள் போய்விட்டார். பூட்ஸைக் காலில் மாட்டித்தான் பெட்டியில் வைத்தார்கள். நகரத்திலிருந்து பழைய சொல்தா இரண்டு பேர் மெடல்களோடு வந்து, குடைக்குக் கீழே நின்று சல்யூட் வைத்தார்கள்.

தையலம்மாள் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றிருந்தாள். அவள் இந்து; அவர்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாடு வரை வருவதில்லை. பெட்டியை இறக்கியதும் ஆளுக்கு ஒரு பிடி மண் போடத் தொடங்கினோம். எல்லாரும் போட்டு முடிக்கும்வரை காத்திருந்து, அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். குனிந்து ஈர மண்ணை அள்ளிக் குழியில் போட்டாள். மறுபடி குனிந்தாள்.

"ஒரு புடி போட்டா போதும் மா" என்றார் குழி வெட்டிய சவரிநாதன்.

"தெரியும் பா. இது அண்ணனுக்கு இல்ல" என்றாள்.

இரண்டாவது பிடியைக் கையில் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு அதையும் போட்டாள்.