அரசமரத்துக்குக் கொடுத்த தூக்கம்

அந்த வருஷம் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால், குழந்தை வேண்டும் என்று என் வாய் சொல்லியிருக்கும். உடம்பு மட்டும் தூக்கம் வேண்டும் என்று சொல்லியிருக்கும். கல்யாணமாகி ஆறு வருஷம். எனக்கு முப்பத்திரண்டு வயது. எனக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவள் இரண்டாவது பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை. பெல்ட்டில் ஓடி வரும் மாத்திரை அட்டைகளில் ஏதாவது குழி காலியாக இருக்கிறதா என்று பார்த்து எடுத்துப் போட வேண்டும். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மதிய ஷிப்ட் என்று இருந்ததை, ஆள் இல்லை என்று சொல்லி மாதக்கணக்காக மதியத்திலேயே போட்டுவிட்டார்கள். இரண்டு மணிக்கு உள்ளே போனால் பத்து மணிக்கு வெளியே. வேன் முத்தியால்பேட்டையில் இறக்கிவிடும்போது பதினொன்று ஆகியிருக்கும். சாப்பிட்டுப் படுத்தால் கண் மூடும், மண்டை மூடாது. காலி அட்டை ஒன்றைத் தவறவிட்டுவிட்டோமோ என்று ஒரு மணி வரைக்கும் உள்ளே பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும்.

என் வீட்டுக்காரர் லாஸ்பேட்டையில் ஒரு காலேஜ் ஆபீசில் கிளார்க். நான் வரும்போது அவர் தூங்கியிருப்பார். அவர் மாலையில் வரும்போது நான் பெல்ட் முன்னால் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்ப்போம். குழந்தை என்ன, தபாலிலா வரும் என்று கேட்டால் சிரிப்பார். 

இந்த நிலைமையில்தான் என் மாமியார் அரசமரத்தைக் கொண்டுவந்தார். தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் அரசும் வேம்பும் சேர்ந்து வளர்ந்த மரம் இருக்கிறது. பிள்ளை வேண்டுகிறவள் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், பொழுது விடியும் முன் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு அதைச் சுற்ற வேண்டும். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று நான் எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். என் முறை வந்தபோது கிண்டல் வரவில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். தூரமான நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். தூங்கிப்போன நாளுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது.

மூன்றரைக்கு மாமியார் என்னை எழுப்பி, வாளியில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். கோயிலிலிருந்து திரும்பினால் தண்ணீர் பிடிக்கும் நேரம், அப்புறம் சமையல், வீட்டுக்காரருக்கு டிபன் பாக்ஸ், துணி, பாத்திரம் என்று மதியம் வேன் வரும்வரை படுக்க முடியாது. முதல் தடவை பத்தொன்பதாம் நாள், அவர் எழுப்பிய பிறகும் தூங்கிப்போனேன். இரண்டாவது தடவை முப்பத்தொன்றாம் நாள். மாமியார் திட்டவில்லை. 'சரி, ஒண்ணுலேர்ந்து ஆரம்பி' என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தீர்த்திருப்பேன்.

இதற்கு நடுவே எனக்கு நாள் தள்ளிப்போனது. நாற்பது, ஐம்பது என்று போக, தெரு முழுக்க என் நடையைப் பார்க்க ஆரம்பித்தது. மாமியார் எனக்குப் பப்பாளி கொடுப்பதை நிறுத்தினார். அறுபத்திரண்டாம் நாள் கம்பெனி பாத்ரூமில் அது வந்துவிட்டது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு போய் மறுபடி பெல்ட் முன்னால் நின்றேன்.

அடுத்த வாரமே கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு, கண்ணுக்குக் கீழே கருப்பு மட்டும் என் அளவுக்கு இருந்தது. ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, பெரிதாகக் கோளாறு எதுவும் இல்லை என்றார். அப்புறம் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தூங்குறீங்க?"

ஆறு வருஷத்தில் என்னிடம் எவ்வளவோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். என்ன சாப்பிடுகிறாய், என்ன தோஷம், யார் வீட்டு வழியில் குறை. இதை யாரும் கேட்டதில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்து இரண்டரை மணி நேரம் என்றேன். 

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கார்டிசால் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறதாம். காலையில் ஏறி நம்மை எழுப்பிவிட வேண்டும், ராத்திரி இறங்கித் தூங்கவிட வேண்டும். ஓயாத கவலையும் தூக்கமில்லாத இரவுகளும் சேர்ந்தால் அது இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காது. அது இறங்காததால் தூக்கம் வராது, தூக்கம் வராததால் அது இறங்காது. வீட்டில் ஏதோ ஆபத்து என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. ஆபத்துக் காலத்தில் பிள்ளை எதற்கு என்று, கருமுட்டைக்கு அது அனுப்பும் தகவலைக் குறைத்துவிடுகிறது. முட்டை வெளியே வரத் தாமதமாகும், சில மாதம் வரவே வராது. ஆண்களுக்கும் இது பொருந்தும், வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள் என்றார். தூங்கினால் குழந்தை நிச்சயம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் தூங்காமல் மற்றதைப் பேசுவதில் அர்த்தம் இல்லை என்றும் சொன்னார். ஷிப்ட் மாற்ற ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கம்பெனியில் கடிதத்தைக் காட்டி வாரம் விட்டு வாரம் காலை ஷிப்ட் வாங்கிவிட்டேன். மாமியாரிடம் வாய் திறக்க முடியவில்லை. குழந்தை வேண்டித் தொடங்கியதைத் தூக்கத்துக்காக நிறுத்துகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? வீட்டுக்காரர், அம்மாவிடம் நீயே சொல்லிவிடு என்றார். எப்போதும் அப்படித்தான்.

நான் செய்தது இதுதான். மூன்றரைக்கு எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு போவேன். மூன்று சுற்று சுற்றுவேன். பிறகு மரத்தடி மேடையில் சாய்ந்து ஈரப் புடவையோடு தூங்கிவிடுவேன். வைத்திக்குப்பத்துக்கு மீன் எடுக்கப் போகிற பெண்களின் பேச்சுச் சத்தம்தான் எனக்கு அலாரம். அத்தனை வருஷத்தில் அப்படி ஆழ்ந்து தூங்கியதில்லை. எட்டு நாள் இப்படி ஓடியது.

ஒன்பதாம் நாள் கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார். மரத்தடியில் ஏற்ற வேண்டிய, நான் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த அகல் விளக்கு அவர் மடியில் இருந்தது. என் மேல் அவருடைய துண்டு கிடந்தது. திருட்டுப் பூனை மாதிரி எழுந்து உட்கார்ந்தேன். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்க மாமா வேல பாத்த மில்லு மூடுன வருஷம் எனக்கு ஏழு மாசம் தூரமே ஆவல. நா தலமுழுகாம இருக்கேன்னு தெருவே பேசுச்சு. வயித்துல ஒண்ணுமில்ல. அவரு ராவெல்லாம் கூரையப் பாத்துக்கினு கெடப்பாரு, நானும் முழிச்சிக்கினே கெடப்பேன். அப்புறம் வந்துச்சு. ஆனா இவனுக்கப்புறம் ஒண்ணும் தங்கல."

இத்தனை வருஷமும் ஒற்றைப் பிள்ளைக்குக் காரணம் அவர் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். அதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

"எங்கள யாரு கேட்டாங்க, தூங்குனியான்னு. நீ வூட்ல படு. இனிமே நா சுத்துறேன்."

மறுநாளிலிருந்து அவர்தான் போனார். ஒன்றிலிருந்து எண்ணினார். அறுபது வயது, முழங்கால் வலி, தலையில் ஈரம். நான் தூங்கினேன். முதலில் ஐந்து மணி நேரம், காலை ஷிப்ட் வாரங்களில் ஏழு மணி நேரம். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முப்பது நாளில், சொன்ன நாளில், எனக்கு வந்தது. டாக்டரம்மாவுக்கு அது நல்ல செய்தி. எனக்கு அது அப்போதும் ரத்தம்தான்.

அடுத்த முறையும் நாள் தவறாமல் வந்தது, மாமியாரின் நாற்பத்தேழாம் நாளில். அவருக்கும் தெரியும். மறுநாள் மண்டலத்தை முடித்துவிட்டு வந்து ஈரத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் அடிவயிற்றில் கையை வைத்தார். கை ஐஸ் மாதிரி இருந்தது. நான் தூங்குவதுபோல் கிடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

முடிந்தது என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாளும் இருட்டில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எழுந்து போனேன். அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். 

"போதும் அத்த. வந்து படுங்க."

"ஒனக்கு இன்னும் தங்கலயேம்மா."

"தங்கும்போது தங்கட்டும். தங்கலன்னா போவட்டும். நீங்க தூங்குங்க."

செம்பை வாங்கி வாளிக்குள் போட்டேன்.  அவர் என் பாயிலேயே சுவர்ப் பக்கமாகப் படுத்து, இரண்டு நிமிஷத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். நான் போர்வையில் பாதியை அவருக்கு இழுத்து விட்டேன். அன்று எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை.