அண்ணன் சாக வேண்டிய இடம்

ராயபுரத்துக்காரன் என்று தெரிந்துவிட்டால் போதும், சினிமாக் கம்பெனிகளில் கேட்பதற்கு ஒரே கேள்விதான் இருக்கிறது. "கத்தி எங்க வருது தம்பி?" பத்து வருடம் உதவி இயக்குநராகக் குப்பை கொட்டிவிட்டு, சொந்தமாக ஒரு படம் பண்ண நான் ஏறி இறங்கிய ஏழு ஆபீஸ்களிலும் இதைத்தான் கேட்டார்கள். எங்கள் தெருவில் மீன் ஆயத்தான் சார் கத்தி எடுப்போம் என்றால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் கேட்பார்கள்.

எழுதிக் கொடுத்தாலும் அங்கே ஒருவரும் படிப்பதில்லை. எதிரே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாயாலேயே முழுப் படத்தையும் ஓட்டிக் காட்ட வேண்டும். பின்னணி இசையும் நாமேதான். நடுவில் தயாரிப்பாளருக்கு போன் வரும். பேசி முடித்துவிட்டு, "எங்க விட்டோம்?" என்பார்.

என்னுடையது என் அண்ணன் கதை. அவன் துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்கள் நகராமல் இறுக்கிக் கட்டுகிற வேலையில் இருந்தான். மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாளில் போய்விட்டான். எட்டாவதாக நான் போன வளசரவாக்கம் தயாரிப்பாளர் இதை முழுக்கக் கேட்டார். அந்த ஒன்றுக்கே நான் காலில் விழத் தயாராக இருந்தேன். கேட்டு முடித்துவிட்டுப் பாடம் எடுத்தார்.

"ஹீரோவுக்கு ஒண்ணு வேணும், அத ஒருத்தன் தடுக்கணும். அவ்வளவுதான் கதை. காமாலைய எப்படிப்பா ஹீரோ திருப்பி அடிப்பான்? இன்டர்வெல்ல அண்ணன வெட்டிடு. வெள்ளிக்கிழமை வந்து சொல்லு. புடிச்சா அன்னைக்கே ஆபீஸ் போட்டுடலாம்."

ஆபீஸ் போடுவது என்றால் படம் உறுதி. எனக்கு வயது முப்பத்தெட்டு. ஒன்பதாவது கம்பெனி எதுவும் கைவசம் இல்லை.

வயிற்றெரிச்சலோடு வெட்டினேன். அதைவிட எரிச்சல், அந்த மனுஷன் சொன்னது சரியாக இருந்ததுதான். அண்ணனை வெட்டியதும், வருடக் கணக்காக நகராமல் கிடந்த இரண்டாம் பாதி தானாக ஓடியது. ஆனால் சும்மா இருப்பவனை எவன் வெட்டுவான்? அதற்குக் காரணம் வேண்டுமே. முதல் பாதியில் அண்ணனுக்கு ஒரு முன்பகையும் இரண்டு அடிதடியும் எழுத வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை அம்மாவுக்குச் சொல்லி ஒத்திகை பார்த்தேன். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டாள். அவளை மாதிரி ஒரு ரசிகை எந்தக் கதைக்காரனுக்கும் வாய்க்கக் கூடாது.

"உன் கதைல அந்த ஹீரோயினு பொண்ணு காலைலேர்ந்து சுத்திகினு கீதே, எதுனா சாப்டுச்சா?"

"அது கதைக்குத் தேவையில்லம்மா."

"உனுக்குத் தேவையில்லன்னா அதுக்குப் பசிக்காதா?"

தலையில் அடித்துக்கொண்டு இன்டர்வெல் வரை இழுத்து வந்தேன். கத்தி இறங்கியதும் அம்மாவின் கை நின்றுவிட்டது.

"இது உங்க அண்ணன்தான?"

"கதைம்மா."

"செவப்பு சைக்கிளு, ஞாயித்துக்கெழம பூசைக்கு லேட்டா வந்து பின்னால நிக்கிறது, அல்லாம் அவன்தான்டா. அவன எவன்டா வெட்டுவான்? அவனப் புடிக்காதவன் ஒருத்தன் கீறானா இந்தத் தெருவுல?" கையிலிருந்த நெத்திலியைத் தட்டில் போட்டுவிட்டு, "அவன் பொண்ணு காலேஜுக்குப் போவப் போவுது. படம் வந்தா, உங்கப்பன் ரவுடியான்னு கேப்பாங்களே. இன்னா சொல்லும் அது?" என்றாள்.

"மோதல் இல்லாம கதை நிக்காதும்மா, உனக்குச் சொன்னா புரியாது" என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "வேற எவனையாவது வெட்டு நைனா" என்றாள். மாத்திடறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

உட்கார்ந்து மாற்றியும் பார்த்தேன். சைக்கிளை எடுத்தேன், பூசையை எடுத்தேன். மிஞ்சியவன் யாரோ ஒருவன். அவன் செத்தால் எனக்கே ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறும்போது எதைச் சொல்வது என்று முடிவு செய்யவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். சைக்கிள், பூசை, முன்பகை, கத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் விழுகிற இடத்தில் குரல் நிஜமாகவே உடைந்தது. இந்த முறை அவர் போனை எடுக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உண்மைச் சம்பவமா தம்பி?"

இல்லை சார் என்று சொல்ல ஒரு நொடி போதும். கம்பெனி கம்பெனியாகப் போய் அடுத்தவர்களைத் திட்டிக்கொண்டு அலைந்தவனுக்கு அந்த ஒரு நொடி கிடைத்தது.

"ஆமா சார். என் கூடப் பொறந்த அண்ணன்."

எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "அவர் போட்டோ இருந்தா கொடுங்க. படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் முதல்ல காட்டணும்" என்றார்.

பர்ஸிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.