கிளமென்ட் படிக்காத நான்காவது பத்தி

காட்டூர் கிளமென்டிடம் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லி, இதை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். "கடையில விக்கிற பேரைப் போட்டுத் தேடினா ஒண்ணும் கிடைக்காதுங்க. உள்ள இருக்கிற வேதிப்பொருளோட பேரைப் போடணும்" என்பார். மருந்து பழசாகவே இருக்கும். அதைத் தயாரிக்கும் வழிக்கு மட்டும் யாரோ புதிதாகக் காப்புரிமை கேட்டிருப்பார்கள். அந்த ஆவணங்களைத் தேடிப் படித்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அறிக்கை எழுதுவதுதான் பதினேழு வருடமாக அவர் பிழைப்பு.

அந்தப் பிழைப்பை அவர் விடாததற்கு இன்னொரு காரணம் உண்டு. கண்டுபிடித்தவரின் பெயரும் ஊரும் ஒவ்வொரு ஆவணத்திலும் இருக்கும். கல்லூரியில் கூடப் படித்த ஸ்ரீரங்கத்து வேணியின் பெயர் அப்படித்தான் வருடத்துக்கு ஒருமுறை கண்ணில் படும். முதலில் ஹைதராபாத், அப்புறம் ஜெர்மனி. விண்ணப்பித்துப் பதினெட்டு மாதம் கழித்துத்தான் ஆவணம் வெளியாகும். ஆகவே வேணியைப் பற்றிய எந்தச் செய்தியும் ஒன்றரை வருடப் பழசு. அது அவருக்குப் போதவே இல்லை. ஆனால் வேறு என்ன வழி? எம்.எஸ்சி. முடித்த அன்று சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறியவளிடம் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, "பாத்துப் போங்க வேணி" என்று மட்டும் சொன்ன மகா புத்திசாலி அல்லவா!

போன மாதம் கம்பெனி சுரேஷ்குமார் ஓர் ஆவணத்தை அனுப்பிவிட்டு போன் செய்தார். "இதே வழியை யாராவது முன்னாடியே எழுதி வெச்சிருந்தா இந்த விண்ணப்பத்தை உடைச்சிடலாம் சார். தேடிக் குடுங்க."

கண்டுபிடித்தவர் பெயர் வேணி.

கிளமென்ட் வழக்கம்போல் உரிமை கோரும் பகுதியையும் செய்முறையையும் மட்டும் படித்தார். கலக்குவதை நிறுத்து, நாற்பது நிமிடம் அசைக்காதே, பிறகு படிப்படியாகக் குளிரவை. அசைக்காமல் விடுவது அவருக்குத் தெரிந்த வழிதான். கல்லூரி ஆய்வகத்தில் கரன்ட் போய்க் கலக்கும் கருவி நின்ற மதியம், "ஐயோ, எல்லாம் போச்சு!" என்று கண்கலங்கிய வேணியிடம், "தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றவர் அவர்தான். கரன்ட் வந்தபோது குடுவையின் அடியில் படிகங்கள் ஊசி ஊசியாக மின்னின. இருவரும் சேர்ந்து அதை ஆய்வேட்டில் எழுதினார்கள். அந்த ஏடு இன்றும் கல்லூரி நூலகத்தில், யாரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கிறது. அதைக் காட்டிவிட்டால் வேணியின் உழைப்பு வீண்.

மூன்று நாள் அறிக்கையைத் தள்ளிப்போட்டார். கடைசியில் ஒன்றும் சிக்கவில்லை என்று பொய் அறிக்கை எழுதினார். பதினேழு வருடத்தில் முதல் பொய். அனுப்புமுன், பத்தி எண்களைச் சரிபார்க்க ஆவணத்தின் முன்பகுதியைத் திறந்தார். மருந்தின் பழங்கதையைச் சொல்லும் பகுதி அது. தேடல் வேலை செய்கிறவர்கள் பாதிப்பேர் அதைத் தாண்டித்தான் போவார்கள்.

நான்காவது பத்தி இப்படி இருந்தது: 'அசைக்காமல் படியவிடும் முறையை முதலில் எழுதியவர்கள் கிளமென்ட், வேணி, எம்.எஸ்சி. ஆய்வேடு, திருச்சிராப்பள்ளி. யோசனை முதலாமவருடையது. குளிரவைக்கும் முறை மட்டுமே இங்கு புதிது.'

யோசனை யாருடையது என்றெல்லாம் காப்புரிமை ஆவணத்தில் யாரும் எழுத மாட்டார்கள். கிளமென்டுக்கு அது நன்றாகத் தெரியும்.

பொய் அறிக்கையை அழித்தார். பழைய ஆய்வேட்டை விண்ணப்பதாரரே சொல்லிவிட்டார், கோருவது ஏட்டில் இல்லாத குளிரவைக்கும் முறையை மட்டும்தான், ஆகவே ஏட்டை வைத்து இதை உடைக்க முடியாது என்று உண்மையை எழுதி அனுப்பினார். பிறகு விண்ணப்பித்த தேதியைப் பார்த்தார். வேணி இதை எழுதிப் பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. இப்போது எங்கே இருக்கிறாளோ, இன்னும் தன்னை நினைக்கிறாளோ என்று எண்ணியதும், அந்த மனிதர் வாய்விட்டு அழுதார்.