கல்லுக்குள் புகுந்த வாவித் தண்ணீர்

போன வருடம், மாரி தொடங்கும் காலம். ஒரு பின்னேரம் மண்டூர்த் துறையில் கல் நிரம்பிய சாக்கோடு நின்றேன். மலையடிவாரக் காட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆட்களை அக்கரை சேர்க்கும் கடைசிப் படகுப் பாதையும் புறப்பட்டுப் போய்விட்டது. அக்கரைக்குப் புறப்பட்ட மீனவர் ஒருவர் இரக்கப்பட்டுத் தன் தோணியில் ஏற்றிக்கொண்டார்.

சாக்கில் இருந்தவை என் ஆய்வுக் கற்கள். பூமியின் அடியாழத்துக் கருங்கல்லுக்குள் எப்போதோ தண்ணீர் புகுந்து, அதைப் பச்சையாக, வழுவழுப்பாக மாற்றியிருக்கிறது. புகுந்தது எந்தத் தண்ணீர் என்பதுதான் என் கேள்வி. கல்லில் உள்ள குளோரின் அதைக் காட்டிக்கொடுக்கும். மறுபடி போய் எடுக்க அனுமதியும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை.

கடலோடு கலக்கும் அந்த உப்பு வாவியின் நடுவில் திடீரென்று காற்று கிளம்பியது. தோணியை நிறுத்த அவர் நங்கூரமாகக் கயிற்றில் கட்டிய கல்லை இறக்கினார். கயிறு அறுந்து கல் போய்விட்டது. தோணி காற்றுக்குக் குறுக்கே திரும்ப, தண்ணீர் உள்ளே ஏறத் தொடங்கியது. எனக்கு நீச்சல் தெரியாது. அவர் சாக்கைப் பார்த்தார்.

"கல்ல பிறகு எடுக்கலாம் புள்ள. நம்மள எடுக்க ஏலாது."

அழுகை வந்தது. ஆனாலும் தலையாட்டினேன். மீதிக் கயிற்றைச் சாக்கில் சுற்றிக் கட்டி இறக்கினார். தோணியின் முகம் காற்றுப் பக்கம் திரும்பி நின்றது. காற்று அடங்கும்வரை இருவரும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தோம்.

பிறகு, சாக்கு கிழியாமல் மெல்ல மெல்ல இழுத்தெடுத்தார். பொலித்தீன் உறைகள் கிழிந்து, கற்களெல்லாம் சேறு. மாணிக்கமா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சேற்றைக் கழுவிக்கொண்டே யோசித்தார்.

"அப்ப இனி நம்மட வாவித் தண்ணியும் சேந்திட்டு."

அந்தக் களைப்பிலும் சிரித்துவிட்டேன். அக்கரையில், குருமண்வெளியில் இறங்கியபோது சாக்கை வீதிவரை அவரே சுமந்து வந்தார். கூலி என்று வாய் திறக்கவே விடவில்லை.

வெடிப்புள்ள கற்களில் உப்பு ஏறிவிட்டது. வெட்டியும் கழுவியும் பார்த்தாயிற்று. குளோரின் கணக்கை இனி நம்ப முடியாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். என் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் இல்லை. மற்ற அத்தியாயங்களை எழுத நான் இருக்கிறேன். களைத்துப்போகும் நாட்களில் அது போதும் என்று தோன்றுகிறது.